ஒரு வெங்காய மூட்டை அகலம்

எங்கள் களத்தில் தார்ப்பாய் போர்த்தி ஒன்று நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரை வாங்குவதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள். "என்னங்க அது, கோழிக்குடாப்பா?" ஊருக்குள் அதற்கு மாங்கொட்டை என்று பெயர். நாங்கள் டிபன் கடை போடப் போகிறோம் என்று யாரோ கிளப்பிவிட, போகிறவர் வருகிறவரெல்லாம் "கடை எப்ப தொறக்குறீங்க?" என்று கேட்டு என் உயிரை வாங்கினார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. புருஷனும் பொண்டாட்டியும் தனியாகப் படுத்துப் பேசுவதற்குச் செய்த வண்டி என்று நட்டநடுக் களத்தில் நின்று எப்படிச் சொல்வது?

செய்தவர் என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மகள் என் வயிற்றில் இருக்கும்போது போனார். அவள் இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இடையில் லீவு லீவாக வந்து போனதை விட்டுவிட்டால், எங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்கப் போனுக்குள்தான் நடந்தது. எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் ஆம்பளை வெளிநாட்டில்தான் இருக்கிறார். அதனாலேயே யாரும் பாவம் பார்க்க மாட்டார்கள். "ஒனக்கென்ன, சிங்கப்பூர்க்காரன் பொண்டாட்டி" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிடுவார்கள்.

லீவில் வந்தாலும் அவர் என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. பகலெல்லாம் அவர் ஊருக்குச் சொந்தம். மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்க வருகிறவர், தைலம் வாங்க வருகிறவர், சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர். இரவானால் ஏசிக்குச் சொந்தம். எங்கள் வீட்டில் ஓர் அறையில்தான் ஏசி உண்டு. எங்கள் இருவருக்கென்று அவர் ஆசையாகப் போட்டது. பெரம்பலூர் வெயிலில் ஒரே ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் என்ன ஆகும்? மாமியார் கட்டிலில், மகள் கீழே, அண்ணனைப் பார்க்க வந்த நாத்தனாரும் பிள்ளைகளும் வரிசையாக. அவர் கதவோரம், நான் பீரோவோரம். நடுவில் ஒரு குடும்பமே குறட்டை விட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அவரிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "போதும், வந்துடுங்க." அவ்வளவுதான். அதைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே அறையில் அவரோடு பத்துப் பேர். இங்கே நான் போனை எடுத்தால் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். மகன் சம்பாத்தியத்தில் மண்ணைப் போடப் பார்க்கிறாள் என்று அத்தை நினைத்துவிட்டால்? அதுவும் போக, இப்படிப்பட்ட பேச்சை முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் வருஷக்கணக்கில் அது தொண்டையிலேயே கிடந்தது.

கடைசி லீவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஒரு வயதான ஜோடி, காருக்குப் பின்னால் சின்ன வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, உள்ளே ஒரு படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. ஏரிக்கரையில் நிறுத்துகிறார்கள், காபி போட்டுக் குடிக்கிறார்கள், அங்கேயே தூங்குகிறார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"செய்வமா?" என்று கீழே கேட்டிருந்தார். "இதுக்கு அங்க கண்ணீர்த்துளின்னு பேரு."

"புது வண்டிக்கு வெக்கிற பேரா இது? வெளங்கிரும்" என்று பதில் போட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாசியில் வந்தார். வந்த மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். எங்களிடம் கார் கிடையாது, டிராக்டர் உண்டு. உடைந்துபோன தண்ணீர் டேங்கரின் அச்சும் சக்கரமும் களத்து மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. அதன்மேல் இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் கட்டி, வெளியே தகரம், உள்ளே பிளைவுட், நடுவில் வெயில் தாங்க தெர்மாகோல். இதுதான் திட்டம். அதற்கு முதலில் அளவு வேண்டும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு சிமென்ட் களத்தில் மல்லாந்து படுத்தார். தலைக்கும் காலுக்கும் கோடு போட்டார்.

"ஏ புள்ள, வந்து பக்கத்துல படு. அகலம் பாக்கணும்."

களத்தின் அந்தப் பக்கம் மாமியார் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, புருஷன் பக்கத்தில் நான் போய்ப் படுப்பதா? "ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். வெளியே அந்தப் பெண்களின் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கட்டி வைத்திருந்த வெங்காய மூட்டைகளில் ஒன்றை உருட்டி வந்து தன் பக்கத்தில் கிடத்திக்கொண்டிருந்தார். அதன் வெளி ஓரத்தில் கோடு போட்டுவிட்டு எழுந்துவிட்டார். இருந்த மூட்டைகளிலேயே ஒல்லியானதாகப் பார்த்து எடுத்திருந்தார். என் அளவு அவருக்குத் தெரியவில்லை. தாலி கட்டின அன்றைக்கு இருந்த பெண்ணைத்தான் தெரியும். அவளையே நினைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தை அங்கே ஓட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அளவு தப்பு என்று போய்ச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, படுத்துக் காட்டியா?

வண்டி தயாரானது. அடுத்த சிக்கல், என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? இவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டு வெளியே போய்ப் படுக்கப் போகிறோம் என்றால் ஊர் சிரிக்கும். நல்லவேளை, குலதெய்வம் கைகொடுத்தது. புது வண்டியின் முதல் ஓட்டம் குலதெய்வத்துக்குத்தான் என்பது எங்களில் வழக்கம். எங்கள் சாமி தா.பழூர்ப் பக்கம் இருக்கிறது. அவ்வளவு தூரம் டிராக்டரில் போனால் ஒரே நாளில் திரும்ப முடியாது என்பது யாரும் மறுக்க முடியாத நியாயம். தகரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, டிராக்டரின் கொக்கியில் வண்டியைக் கோத்தோம். முறை என்று ஒன்று இருக்கிறதே, மாமியாரையும் கூப்பிட்டேன். வந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேதான் கூப்பிட்டேன்.

"எனக்கு முட்டி வலிம்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

முந்தாநாள்தான் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு நடந்தே போய்விட்டு வந்த முட்டி. அத்தை மனசு மாறுவதற்குள் டிராக்டரில் ஏறிவிட்டேன்.

அவர் ஓட்டினார், நான் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். அரியலூர் தாண்டும்வரை சிமென்ட் லாரிகள் எங்களை ஓரங்கட்டிக்கொண்டே இருந்தன. டிராக்டர் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. குனிந்து காதில் கத்தினால், "என்னா?" என்று திரும்பக் கத்துவார். சொல்ல வேண்டியதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டேன். தா.பழூர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் பச்சை. வானம் பார்த்த எங்கள் கரிசல் காட்டையே பார்த்த கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது. கோயிலில் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். பின்கதவைத் தூக்கி முதல் டீ போட்டேன். சர்க்கரை எடுத்து வர மறந்துபோயிருந்தேன். பொங்கலுக்குப் போட்டு மிஞ்சின வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். டீ கொஞ்சம் திரிந்திருந்தது. அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

உள்ளே படுத்ததும்தான் வெங்காய மூட்டை செய்த வேலை தெரிந்தது. இரண்டு பேரும் மல்லாந்து படுக்க இடமில்லை. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும்.

"என்ன புள்ள, ரேஷன் அரிசி இப்படி வேல செஞ்சிருக்கு!"

"வேணும்னா அந்த மூட்டையவே கட்டிக்கிட்டுத் தூங்குங்க."

வெகுநேரம் சிரித்தோம். வண்டியே ஆடியது. பிறகு சிரிப்பு ஓய்ந்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தவள், அவ்வளவு பக்கத்தில் முகம் வந்ததும் ஊமையாகிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பினேன். வேறு வழியில்லாமல் அவரும் திரும்பினார். எதிரில் இருந்த பலகையைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். "போதும், வந்துடுங்க."

தூங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். டிராக்டருக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, காலைச் சேர்த்து நேராகப் படுத்திருந்தார். சிங்கப்பூர் அறையின் ஒற்றைக் கட்டிலில் படுத்துப் படுத்து உடம்பில் ஊறிப்போன படுக்கை. சுற்றிலும் அவ்வளவு இடம் கிடந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு மேல் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன அவ்வளவு பாரமா?"

எழுந்து உட்கார்ந்தார். "அதில்ல புள்ள. பக்கத்துல ஆளு படுத்துப் பழக்கமில்ல. கண்ணையே மூட முடியல."

கண்ணை மூட முடியவில்லை என்றால் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை சொல்ல எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

நேராக வீட்டுக்குப் போக வேண்டியவர், ஜெயங்கொண்டம் ரோட்டில் வண்டியைத் திருப்பினார். "சுத்திக்கிட்டுப் போவோம்" என்றார். அந்த வழியில் போனால் செந்துறை வரும். செந்துறை என் பிறந்த ஊர். அங்கே ஒருத்தர் கண்ணில் பட்டால் போச்சு. வீட்டுக்கு இழுத்துப் போய், கோழி அடித்துக் குழம்பு வைத்து, கூடத்தில் எல்லோருக்கும் வரிசையாகப் பாய் போட்டுவிடுவார்கள். ஊர் எல்லை வந்ததும் அவர் துண்டை வாங்கித் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டேன். டீக்கடை வாசலில் என் பெரியப்பா மகன் நின்றுகொண்டிருந்தார். மாங்கொட்டையை வாய் பிளந்து பார்த்தார். என்னைத் தெரியவில்லை. பெற்றவர்கள் இருக்கிற ஊரைத் திருடி மாதிரி கடந்துபோனேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

அன்றைக்கு ஒரு முந்திரித் தோப்பு ஓரத்தில் தங்கினோம். பூ வாசம் தூக்கலாக இருந்தது. அவர் பாதித் தூக்கம் உள்ளே, பாதி வெளியே. அதற்கும் அடுத்த நாள் எங்கள் சோளக் காட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும் காடு அது. அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் டிராக்டரை அணைத்தார். நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் தூக்கினேன். அறுத்து முடித்த காட்டில் கருவாடு சுட்டு, பழைய சோறு தின்றுவிட்டுப் படுத்தோம்.

அன்றைக்குத்தான் தூங்கினார். நான் திரும்பியபோது தூக்கத்திலேயே அவரும் திரும்பினார். அதைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை புரண்டேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால், எங்கள் வீட்டுக்குப் போகாமல் நின்ற அந்தக் காட்டைத்தான் சொல்வேன்.

பழக்கம் வருகிற நேரம் லீவு முடிந்துவிட்டது. ஒவ்வொரு லீவிலும் இதே கதைதான். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "அடுத்த தடவ வந்து அத ஒரு அடி அகலமாக்கிடறேன்" என்றார். "ஒரு அங்குலம்கூடத் தொடக்கூடாது" என்றேன். "சரி, போயிட்டு வரேன்" என்று கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். அடுத்த தடவை என்று சொன்னாரே, அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது. ஏசி அறையில் மாமியார் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார், நான் கீழே படுத்திருந்தேன். அவரிடமிருந்து வீடியோ கால் வந்தது. அங்கேயும் லீவு நாள், கட்டிலில் படுத்தபடி போனைப் பிடித்திருந்தார். பின்னால் யார் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அவர் சுவரோடு சுவராக ஒடுங்கி, ஒருக்களித்துக் கிடந்தார். அந்த ஒற்றைக் கட்டிலிலும் பாதி காலியாக இருந்தது.

"ஏங்க இப்படி ஓரத்துல ஒடுங்கிக் கெடக்குறீங்க? ஒடம்பு சரியில்லையா?"

"ஒன்னுமில்ல புள்ள. அந்த வண்டியில படுத்துட்டு வந்ததுலேருந்து இப்படித்தான். மேக்கட்டிலு பையன்கூடக் கேக்குறான், யாருக்குண்ணே எடம் போட்டு வெச்சிருக்கீங்கன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"போதும், வந்துடுங்க."

இந்த முறை மெதுவாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. திரையில் அவர் முகம் அப்படியே இருந்தது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், கண் இமைத்தது. அப்போதுதான் எனக்குப் பின்னால் கட்டில் அசைகிற சத்தம் கேட்டது. பயந்துபோய்த் திரும்பினேன். மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவ சத்தமாச் சொல்லும்மா. அவனுக்குக் காது கேக்கல போலருக்கு."