அவர் பெயரில் திறந்த இணையம்

கல்வராயன் மலையில் ஒரு பயிற்சி மையத்தில் நான் கணக்கராக இருந்தபோது, அங்கே கணினிப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். ஒடிசலான உடம்பு, சிரித்தாலும் கண் சிரிக்காது. கடவுச்சொல் தட்டும்போது எதிரே நிற்பவரைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்வார்.

அந்தப் பக்கத்தில் எங்கள் மையத்தில் மட்டுமே இணையம் உண்டு. அதுவும் மையத்தை நடத்தும் நிறுவனத்தின் ப்ராக்ஸி சர்வர் என்ற இடைக்கணினி வழியாகத்தான். பணியாளரின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். விண்டோஸ் கணினியைத் தவிர எதையும் உள்ளே விடாது.

ஒரு மாலை, பக்கத்து ஊர்ப் பெண் விண்டோஸ் இல்லாத லினக்ஸ் மடிக்கணினியுடன் வந்தாள். நர்சிங் கலந்தாய்வுக்குப் பதிய அன்றே கடைசி நாள். எங்கள் கணினிகளிலோ தேர்வு நடந்துகொண்டிருந்தது. சர்வரிடம் விண்டோஸ் போலப் பேசும் சிறு நிரல் ஒன்றைப் பொறுப்பாளர் அவள் கணினியில் நிறுவி, தன் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்தார்.

"உங்க பாஸ்வேர்டு அதுலயே தங்கிடுமே சார்?" என்றேன்.

"தங்கட்டும் சார். அதுக்கு இன்னா, சோறா போடப்போறோம்?"

பக்கம் திறந்தது, அவள் பதிந்தாள்.

மாதம் பிறந்ததும் வழக்கம்போல் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றினோம். முடிவு பார்க்க அவள் மீண்டும் வந்தபோது, மடிக்கணினி அவருடைய பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பியது. தவறான சொல் பலமுறை வந்ததால் சர்வர் அவர் பெயரைப் பூட்டிவிட்டது. தலைமையகம் விசாரித்தது, வெளியாளுக்குக் கடவுச்சொல் கொடுத்தது தெரிந்து அந்த வாரமே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

"பாஸ்வேர்டை அன்னைக்கே அழிச்சிருக்கலாமே சார், மறந்துட்டீங்களா?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன்.

"ரிசல்ட்டு பாக்க அந்தப் பொண்ணு வேற எங்க சார் போவும்?"

கச்சிராயபாளையம் பேருந்து வந்தது. ஏறியபின் ஜன்னலில் குனிந்து, "அதுக்கு நர்சிங் சீட்டு கெடச்சுதா சார்?" என்றார்.

அவள் அதன்பிறகு மையத்துக்கு வரவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.