தன் நாவலைப் படிக்காதவர்

எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகைக்காக எழுத்தாளர்களைப் பேட்டி கண்டுகொண்டிருந்தேன். மயிலாப்பூரில் நான் சந்தித்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கை சும்மா இருக்காது. பேசும்போதும் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் பத்திரிகையில் தொடராக வந்த அவருடைய நாவல் அப்போதுதான் புத்தகமாகியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"நான் இன்னும் படிக்கலை," என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் கதையில கதாநாயகி புருஷனை விட்டுட்டுப் போயிடுவா. வாசகர்கள் ஏத்துக்க மாட்டாளாம். உங்க ஆசிரியர் கடைசி ரெண்டு அத்தியாயத்தை வேற யாரையோ விட்டு எழுத வச்சுட்டார். அதுல அவ திரும்பி வந்து அவன் கால்ல விழறாளாம். பக்கத்தாத்து மாமி சொன்னா."

தயங்கி, பிடித்த புத்தகம் எது என்று கேட்டேன்.

"அவ போயிடறாளே, அந்தப் புஸ்தகம்தான். அப்படியே எழுதிக்கோங்கோ."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'வாசகர்களே என் தெய்வங்கள்' என்று அவர் சொன்னதாக அச்சில் வந்தது.

சில மாதங்கள் கழித்து பாண்டி பஜாரில் எதிர்ப்பட்டார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "உங்களுக்கும் எனக்கும் ஒரே ஆள்தான் எழுதறார் போலிருக்கு."

அதன்பின் அவர் கதை எங்கும் வரவில்லை. அவர் எழுதிய அந்த முடிவு என்னவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.