உட்கார வைத்து முடுக்கியது

தையற்கடை அம்மாவின் அளவு நோட்டில் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் ஒரு காருக்கு உரியது. மற்றப் பக்கங்களைப் போலவே மேலே பெயர், கீழே உயரம், இடுப்பு, கால். பெயருக்கான இடத்தில் ‘பல்லி’ என்றிருக்கும்.

இரண்டே இருக்கை கொண்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு ஒட்டி ஓடுவதால் தெருவார் கேலியாக வைத்த பெயரை அம்மா தாமே சொல்லிச் சொல்லி அதைச் செல்லப்பெயர் ஆக்கிவிட்டார். முப்பது ஆண்டுகள் ஊரார் உடம்புக்கெல்லாம் அளவெடுத்தவர், ஐம்பத்து நான்காம் வயதில் தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

வீட்டிலிருந்து கடைக்கு இரண்டரைக் கிலோமீட்டர். கல் ஏற்றும் லாரிகள் ஒரே ஆண்டில் அந்தச் சாலையை உழுதுபோட்டன. பதினோரு மேடுகள், ஒவ்வொன்றிலும் பல்லியின் வயிறு ‘தட்’டென்று இடித்தது. சாலை அலுவலகத்துக்கு நான்கு முறை மனு எழுதினார். நான்குக்கும் ஒரே பதில்: ‘பரிசீலனையில் உள்ளது.’

அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்தே பழகியவருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. தங்கையைக் கேட்காமலேயே காரை வாங்க ஓர் ஆளையும் பிடித்து வைத்துவிட்டார். சாலையைக் குறை சொன்ன தங்கையிடம், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார்.

“கூடம் கோணல்தாண்ணே. அதுக்காக ஆடாம உட்கார முடியுமா?”

அன்றே பந்தயம் தீர்மானமானது. பல்லியை அம்மா உயர்த்திக்கொள்ளலாம். நான்கு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் உடன் வருவார். ஒரு மேட்டில் தட்டினாலும் சாவி அவர் கைக்குப் போகும்.

அம்மா கேட்டது ஒன்பது சென்டிமீட்டர். ஸ்பிரிங் வேலைக்குப் பெயர்போன மெக்கானிக் மறுத்தார். ஐந்துக்கு மேல் போனால் அச்சின் மூட்டு உடையும், வளைவில் வண்டி கவிழும் என்றார். சொல்லில் நியாயம் இருந்ததால் அம்மா ஐந்துக்கு இறங்கினார். நீளமான ஸ்பிரிங்குகளும் பருத்த டயர்களும் ஏறின. தரையிலிருந்து வயிறு வரை பதினொன்றாக இருந்த உயரம் பதினாறு என்று நோட்டில் பதிவானது.

மூன்று வாரம் ராஜநடை. நான்காம் வாரம் முன்பக்கத்திலிருந்து ‘கீச்’சென்று ஒரு சத்தம். வியாழக்கிழமை ஏழாம் மேட்டில் மறுபடி ‘தட்’. அளவுநாடாவைப் பிடித்தால் பதினாலரை. நாடா பொய் சொல்லாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அண்ணனும் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாங்குகிற ஆள் திங்களன்று வருவதாகத் தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் சாலையின் மேல் பழியைப் போட்டார். சக்கரத்தைத் தாங்கும் கைகள் உடலோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்கள் கிழிந்திருந்தன. மோசமான பாதை, வேறென்ன என்றார். அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெக்கானிக் வேறொரு காரில் செய்துகொண்டிருந்த வேலையைப் பார்த்தார். கார் அந்தரத்தில் நின்றது. நான்கு சக்கரமும் தொங்கின. மெக்கானிக் அடியில் நின்று போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“என் வண்டியையும் இப்படித் தொங்கவிட்டேதான் முடுக்கினியா?”

“எப்பவும் இப்படித்தாம்மா. கைக்கு வசதி.”

“நிக்க வச்சே அளந்து தைச்ச கால்சட்டை என்னாகும் தெரியுமா? போட்டுக்கிட்டு உட்கார்ந்ததும் டர்ருனு கிழியும். உட்கார வச்சுப் பார்க்காம எந்தக் கால்சட்டையும் நான் குடுத்ததில்ல, தம்பி.”

மெக்கானிக் சிரித்தார். சிரித்தபடியே கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர், வண்டி தரையில் அமர்ந்த கணத்திலேயே முறுக்கிக்கொள்கிறது. முறுக்கோடே ஓடி ஓடிக் கிழிகிறது. முதல் நாள் கிடைத்த உயரத்திலும் கொஞ்சம் அந்த முறுக்கு தூக்கிப் பிடித்த பொய் உயரம்.

சனிக்கிழமை புது ரப்பர்கள் வந்தன. இம்முறை போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு, வண்டியை, அடியில் ஆள் நின்று வேலை செய்யும் பள்ளத்தின் மேல் நான்கு சக்கரத்திலும் இறக்கினார்கள். ஸ்பிரிங்கின் மேல் தடிமனான ஒரு வளையம் வைத்து, குறைந்த ஒன்றரையை ஈடுகட்டியிருந்தார் மெக்கானிக். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். கடைசி போல்ட் முடுக்கி முடியும்வரை இறங்கவில்லை. இறங்கும்படி மெக்கானிக் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். “என் எடையும் சேர்ந்துதானே ஓடப்போகுது?” என்று ஜன்னல் வழியே பதில் வந்தது.

ஞாயிறு காலை அண்ணன் முழங்கால் மோவாயைத் தொட மடங்கி உட்கார்ந்தார். முதல் மேட்டிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஆறு மேடுகள் அமைதியாகக் கடந்தன. ஏழாவது, குழாய் புதைத்து அரைகுறையாக மூடிய முதுகு. அம்மா வேகத்தைக் குறைத்தார், ஆனால் ஒதுங்கவில்லை. முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு கூழாங்கல் உருண்ட சத்தம் மட்டும் கேட்டது.

பதினொன்றும் முடிந்து கடை வாசலில் நின்றபோது அண்ணன் கதவைப் பிடித்துத் தம்மை வெளியே இழுத்துக்கொண்டார்.

“பல்லி ஓணானாயிடுச்சு,” என்று முனகினார். பிறகு, “நாளைக்கு வாங்க வர்றவன்கிட்ட நான் என்னம்மா சொல்றது?”

அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதிக் குடுத்துடு.”