சுரண்டை ரோட்டு பாய்லர்

போன மாதம் வயிற்றுவலி என்று தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் போய்ப் படுத்தேன். சட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கும் பெண் வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினாள். ஐஸ் மாதிரி இருந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை அதன்மேல் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க." பிடித்தேன். அவளுக்கு, என் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கவலை. எனக்கோ, இந்தப் பெண் கருவியைச் சரியாகச் சாய்த்துப் பிடிக்கவில்லையே என்று கவலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பவன் பாடம் நடத்தினால் நன்றாகவா இருக்கும்? அடக்கிக்கொண்டேன்.

நானும் ஒரு காலத்தில் ஸ்கேன் பார்த்தவன்தான். மனிதர்களுக்கு இல்லை, இரும்புக்கு.

டிப்ளமோ முடித்த கையோடு செங்கோட்டை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஜெல் எல்லாம் கிடையாது, கிரீஸ்தான். வெல்டிங் ஒட்டின் பக்கத்தில் கிரீஸைத் தடவிக் கருவியை வைத்தால், காதுக்குக் கேட்காத ஒலியைத் துடிப்பு துடிப்பாக இரும்புக்குள் அனுப்பும். ஒரு துடிப்பை விடும், காத்திருக்கும், மறுபடி ஒன்றை விடும். மறுபக்கம் வரை போய்த் திரும்பினால் திரையில் அதற்குரிய இடத்தில் ஒரு கோடு எழும்பும். நடுவில் விரிசல் இருந்தால் துடிப்பு அதில் முட்டிச் சீக்கிரமே திரும்பிவிடும். வரக்கூடாத இடத்தில் ஒரு கோடு வருகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். அம்மா அக்கம்பக்கத்தில், "எம்மவன் இரும்புக்கு வைத்தியம் பாக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அந்தப் பட்டறையில்தான் செல்வம் வெல்டராக இருந்தான். ராயகிரிக்காரன். அண்ணன் போலீஸ், சித்தப்பா ராணுவம். இவனும் ராணுவத்துக்குப் போயிருக்க வேண்டியவன்தான். ஆள் எடுக்கும் இடத்தில் வரிசையைத் தாண்டி உள்ளே புகுந்த ஒருத்தனை இவன் அடித்ததால், அங்கிருந்தே விரட்டிவிட்டார்கள். அப்படி ஒரு கோபம். ஆனால் வெல்டிங்கில் உட்கார்ந்தால் வேறு ஆள். எங்கள் பட்டறை முதலாளி அண்ணாச்சி புதிதாக வாங்கிய பல்ஸ் வெல்டிங் மிஷினை அவனைத் தவிர யாரும் தொட முடியாது. அதில் மின்சாரம் ஒரே சீராக வராது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். ஏறும்போது உலோகம் உருகும், இறங்கும்போது ஆறும். அதனால்தான் காகிதம் மாதிரி மெல்லிய எவர்சில்வர் தகடுகூட ஓட்டை விழாமல் ஒட்டிக்கொள்ளும். சுவரில் நீல வெளிச்சம் விட்டு விட்டுத் துடிக்கும். "இவனுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது" என்று அண்ணாச்சி செல்வத்தைக் கிண்டல் செய்வார்.

ஊரெல்லாம் குற்றாலத்தில் சீசன் எப்போது வரும், சாரல் எப்போது விழும் என்று காத்திருக்கும். நாங்கள் மட்டும் அந்தக் காற்றைத் திட்டுவோம். வெல்டிங்குக்குக் காவலாக நிற்கும் ஆர்கான் வாயுவைக் குற்றாலத்துக் காற்று ஊதித் தள்ளிவிடும்; ஒட்டு முழுக்கப் பொத்தல் விழும். தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உள்ளே வெந்து சாவோம்.

ஒரு தடவை ஐந்தருவியில் கைப்பிடிக் கம்பி ஒட்டப் போனோம். சீசன் முந்திக்கொண்டதால் தடுப்பைத் தாண்டிக் கூட்டம் வந்துவிட்டது. உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெயோடு, சாராய வாடையோடு ஒருத்தர் ஈரக்காலால் எங்கள் வயரை மிதிக்கப் போனார். வயரில் தோல் உரிந்து செம்பு தெரிந்துகொண்டிருந்த இடம். செல்வம் எழுந்தான், விட்டான் ஓர் அறை. அவர் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய் விழுந்தார். "சாவதுக்கா குத்தாலம் வந்த?" என்றான். கொஞ்ச நேரத்தில் அவர் ஆட்களோடு திரும்பி வந்தார். எனக்கு உதடு கிழிந்தது. "வாயால சொன்னா என்னலே?" என்று வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "சொல்லி முடிக்கதுக்குள்ள மிதிச்சிருப்பாருலா" என்றான்.

இப்போது பாய்லருக்கு வருகிறேன்.

சுரண்டை போகிற வழியில் ஓர் அரிசி மில். நெல் அவிக்க உமி எரிக்கும் பாய்லர். அதிலிருந்து போகும் நீராவிக் குழாய் ஒன்று அரித்துவிட்டதென்று செல்வத்தையும் என்னையும் அனுப்பினார்கள். வேலைக்காக முந்தின நாளே பாய்லரை அணைத்து ஆறப் போட்டிருந்தார்கள். அவன் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கை சும்மா இருக்காது. பாய்லரின் வயிற்றில் யாரோ எப்போதோ தடித்தடியாக ஒட்டுப்போட்டிருந்தது கண்ணில் பட்டது. கிரீஸைத் தடவிக் கருவியை வைத்தேன். வரக்கூடாத இடத்தில் கோடு வந்தது. ஒரு சாண் நகர்த்தினேன், வந்தது. இன்னும் நகர்த்தினேன், அங்கேயும் வந்தது. ஒட்டின் நீளத்துக்கும் உள்ளே விரிசல் ஓடியிருந்தது.

குழாய் வேலையை முடித்துவிட்டு எழுந்த செல்வத்தைக் கூப்பிட்டேன். திரையை ஒருமுறை பார்த்தான். "ஏலே, இது வெடிக்கும்லே" என்றான்.

மில் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கனத்த உடம்பு. நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "தீ போடாதீங்க ஐயா. ஒட்டைத் தோண்டி எடுத்துட்டுப் புதுசாப் போடணும்."

"நெல்லு தொட்டியில ஊறிக் கெடக்கு. இன்னைக்கு அவிக்கலைன்னா புளிச்சு நாறிப்போவும். இத்தன வருசமா வெடிக்காத பாய்லரு இன்னைக்கு வந்துதான் வெடிக்குமா?"

"இந்தாப் பாருங்க ஐயா, இந்தக் கோடு..."

"டிவி பொட்டியக் கொண்டாந்து படமா காட்டுத?" என்றவர் என் கன்னத்தில் அறைந்தார். கருவி கையிலிருந்து போய்த் தரையில் விழுந்தது. திரை செத்துப்போயிற்று.

செல்வம் கைகளை மடக்கிக்கொண்டு நின்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அவுக பாய்லரு, அவுக இஷ்டம். நீங்க ரெண்டு பேரும் கெளம்பி வாங்கடே" என்றார். சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம். அதற்குள் மில் முதலாளி தீ போடச் சொல்லிவிட்டார்.

தீ போட்டவர் பேச்சிமுத்து, வயதான மனிதர். பாய்லருக்கு முன்னால் இருந்த களத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி இசக்கியம்மாவும் அதில் ஒருத்தி. செல்வம் அவர்களிடம் போய், "எல்லாரும் ரோட்டுக்குப் போங்க, இது வெடிக்கப் போவுது" என்றான். அவர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். "எவளாவது எந்திரிச்சா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்றார் அவர். ஒருத்தியும் எழவில்லை. செல்வம் பேச்சிமுத்துவிடம் போனான்.

"பெரியவரே, நீங்களாவது வாங்க."

"மொதலாளி நிக்காவல்லா, நா எப்படிடே வர?"

மிஷின், சிலிண்டர், வயர் எல்லாம் கழற்றிக் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டோம். செல்வம் திரும்பிப் பார்த்தான். பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டையை என் காலடியில் போட்டுவிட்டு ஓடினான். அடுப்பு வாயில் கிடந்த, தீ வாரும் நீளமான இரும்புக் கொத்தை எடுத்து, எரிகிற உமியை வாரி வாரி வெளியே இழுத்துப் போட்டான். தரையெல்லாம் நெருப்பு.

முதலாளி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்து அவன் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. செல்வம் மறு கையால் கொத்தைச் சுழற்றினான். முதலாளிக்கு வாயில் அடி, பற்களோடு ரத்தம். மூட்டை தூக்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள். மண்வெட்டிப் பிடி, கம்பி, கல், கையில் கிடைத்ததெல்லாம். நானும் உள்ளே போனேன். வீரமாகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். போன வேகத்தில் வயிற்றில் உதை வாங்கிக் குப்புற விழுந்தேன். பெண்கள் அலறிக்கொண்டு எழுந்து வாசல் வழியாக ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த ஆட்கள் எங்களைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, அவர்கள் பின்னாலேயே கொண்டுவந்து ரோட்டில் போட்டு மிதித்தார்கள். முதலாளியும் கம்பியோடு கூடவே வந்தார். மண்ணில் முகம் அழுந்திக் கிடந்தபடி, அவர் உள்ளே பார்த்து, "பேச்சி, தீயத் தள்ளு!" என்று கத்தியது கேட்டது.

பிறகு வெடித்தது.

சத்தத்தைவிட அதன் பின்னால் வந்த அமைதிதான் எனக்கு நினைவிருக்கிறது. காது அடைத்துப்போய், எல்லார் வாயும் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடின. மதில் சுவர் பாதி இல்லை. மில்லுக்குமேல் வெள்ளையாக நீராவி. மேலேயிருந்து சூடான நெல் மழை மாதிரி எங்கள் மீது கொட்டியது. அவித்த நெல் வாசனை நல்ல வாசனைதானே? அன்றைக்குப் பிறகு அது வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

களம் இருந்த இடத்தில் தகரமும் செங்கலும் புகைந்துகொண்டிருந்தன. ஒரு பெண்கூட அங்கே இல்லை. மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதலில் உள்ளே ஓடியது செல்வம்தான், முறிந்த தோளோடு. நான் பின்னால் போனேன். பேச்சிமுத்து சுவரோரம் கிடந்தார். கையைப் பிடித்துத் தூக்கினோம். தோல் எங்கள் கையோடு வந்துவிட்டது. அவருக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டார். தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆலங்குளம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டார்.

வெல்டிங்காரன் கொத்தால் அடித்துத்தான் பாய்லர் உடைந்தது என்று முதலாளி புகார் கொடுத்தார். கட்டுப்போட்ட தோளோடு செல்வத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அண்ணன் போலீஸ் என்பதும் உதவவில்லை. அண்ணன் வந்து, "உன்னால எங்க மானமே போச்சு" என்று தன் பங்குக்கு ஓர் அறை விட்டுப் போனதாகப் பின்னால் சொன்னான்.

மறுநாள் பிண அறை வாசலில் இசக்கியம்மா உட்கார்ந்திருந்தாள். முதலாளி மாலையோடு வந்தார், வாயில் தையல், கூட நான்கைந்து பேர். அவள் எழுந்தாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தாள். தையல் பிரிந்து ரத்தம் மாலையில் சொட்டியது. மறுபடியும் அடித்தாள்.

"பாய்லருக்குப் பயந்தா நாங்க ஓடுனோம்? உன் கம்பிக்குப் பயந்துலா ஓடுனோம்! அந்தக் கம்பிய அவுகளுக்கும் ஒருவாட்டி ஓங்கியிருந்தா அவுகளும் ஓடியாந்திருப்பாவலே! அவுகள மட்டும் ஏம்லே தீயத் தள்ளச் சொன்ன?"

கூட வந்தவர்கள் அவளைப் பிடிக்கப் போனார்கள். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அவள் கை ஓயும் வரை நின்று வாங்கினார். அவர்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் அந்த ஓர் இடத்தில் மட்டும் இன்றுவரை ஏதோ இடறுகிறது.

என் கருவி உடைந்ததால், நான் பார்த்த கோட்டுக்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் இரும்பு சாட்சி சொன்னது. பாய்லர் ஆய்வாளர் வந்து கிழிந்த விளிம்பைத் துடைத்துப் பார்த்தார். தகட்டின் கனத்தில் முக்கால்வாசி கறுத்துத் துருப்பிடித்திருந்தது. பல காலமாகப் பிளந்து கிடந்த இடம். வெளி ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பட்டைதான் புதிதாக உடைந்து பளபளத்தது. இத்தனை நாளும் அந்த நூல்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. செல்வத்தை விட்டுவிட்டார்கள். முதலாளி மீது வழக்குப் போட்டார்கள்; அது முடியுமுன் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போது அந்த இடத்தில் மில் இல்லை. கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். களத்துப் பெண்களும் இல்லை. பெரிய மில்களில் நெல்லை மிஷினே காயவைக்கிறது. இசக்கியம்மா மகள் வீட்டோடு கேரளத்துப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. நான் இரும்பை விட்டுவிட்டு இன்சூரன்ஸ் வேலைக்கு வந்துவிட்டேன்.

செல்வம் ஷார்ஜாவில் இருக்கிறான், வெல்டிங் சூப்பர்வைசர். போன வாரம் பேசினான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு டேங்குக்குள் விஷவாயு இருக்கிறதா என்று சோதிக்காமல் ஆட்களை இறக்குகிறார்களாம். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"நீ என்னலே பண்ணுன? யாரை அடிச்ச?"



"அடிக்கவா? புள்ளைக படிக்குல்லா மக்கா. மெயில் போட்டுருக்கேன்" என்றான்.