அலமாரிக்குள் விளக்கெண்ணெய்

போன வாரம் உடைந்த நாற்காலிக் காலை ஒட்ட என் மகன் ஒரு பசை வாங்கி வந்தான். இரண்டு குழாய்கள், இரண்டிலிருந்தும் சம அளவு பிதுக்கிக் குழைக்க வேண்டுமாம். எதையும் முழுக்கப் படித்துவிட்டுத் தொடுவது என் வழக்கம். வீட்டில் அது ஒரு வேடிக்கை. பெட்டிக்குள் இருந்த தாளில் ஒட்டும் விதம் நான்கே வரி. ஒட்டுகிறவன் பிழைத்திருக்கும் விதம் ஒரு பக்கம். தோலில் படக்கூடாது, கண்ணைத் தொடக்கூடாது, கை கழுவாமல் சாப்பிடக்கூடாது. மூடியைத் திறந்ததும் எழுந்த நெடி என்னைச் சேலத்துப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டது.

யுத்த காலத்தில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் நான் ஸ்டோர் குமாஸ்தா. அப்போதெல்லாம் பஸ் கூரைக்குத் தகரம் கிடையாது. பலகை அடித்து, குங்கிலியத்தை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி, ஈயச் செந்தூரம் கலந்த குழம்பைப் பூசி, அதன்மேல் கித்தானை இழுத்து ஒட்டுவார்கள். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சிவப்புப் புழுதி பறக்கும். ராசிபுரத்துக்காரர்கள் மழையில் நனையாமல் ஊர் போய்ச் சேர்ந்தது இந்தக் குழம்பின் தயவில்தான். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மருந்து. மருந்து பட்ட கையை டர்பன்டைனில் முக்கிக் கழுவுவார்கள். மருந்து போய்விடும், நாளடைவில் தோலும் போய்விடும்.

கித்தான் இழுக்க வந்தவர் ராமலிங்கம். அம்மாபேட்டைப் பட்டு நெசவாளி. பட்டு நூல் வரத்து நின்றுபோனதால் எங்களிடம் வந்தார். தங்கை கல்யாணத்துக்கென்று அவர் நெய்துகொண்டிருந்த சேலை தறியில் பாதியில் நின்றது. மீதியை வேறொருவர் நெய்தால் தறியில் பலகை அடிக்கும் அழுத்தம் மாறும். கை மாறிய இடம் சேலையின் குறுக்கே கோடாகத் தெரிந்துவிடும். அவரே நெய்வதென்றாலோ, சொரசொரத்த கை பட்டு இழையைப் பிடித்து இழுக்கும். ஆகவே நூல் வரும்வரை அந்தக் கை கெடாமல் இருக்க வேண்டும்.

காலையில் வந்ததும் கொண்டுவந்த சீசாவிலிருந்து விளக்கெண்ணெய் எடுத்து நகக்கண் வரைக்கும் தேய்ப்பார். விரல்களில் துணி சுற்றுவார். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கில் துண்டு. வேலை முடிந்தால் எண்ணெயும் மரத்தூளும் போட்டு உருவி, சீயக்காயில் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்ட பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார். டர்பன்டைன் பக்கமே போகமாட்டார்.

தச்சு வேலை பார்த்த பொன்னுசாமிக்கு இது தினசரி நாடகம்.

"ஏனுங்க மாப்ள, நலுங்கு முடிஞ்சுதுங்களா? பொண்ணு ஊட்டுக்காரங்க கூரை மேல காத்திருக்கறாங்க!"

"முடிஞ்சுதுங்க. தாம்பூலம் வாங்கிட்டு வாரேன், ஏணியப் புடிங்க," என்பார் ராமலிங்கம்.

எல்லோருக்கும் எண்ணெய் வாங்கலாமே என்று முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "கைக்கு எண்ணெ தேய்ச்சுவுடறதுக்கா பட்டறை வெச்சிருக்கறேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு வேறொரு வழக்கம் உண்டு. மருந்து காய்ந்ததா என்று தினமும் விரலால் அழுத்திப் பார்ப்பார். கூரையில் குழி விழும். அதே விரலால் கண்ணைக் கசக்கிக்கொள்வார். ஒருநாள் முகம் வீங்கி, கண் திறக்காமல் வந்தார். முந்தின நாள் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்புதான் காரணம் என்பது அவர் முடிவு. மறுவாரமும் வீங்கியது, வீட்டில் கத்தரிக்காய் நின்று பல நாளாகியிருந்தது.

அதன்பின் பட்டறைக்கு எண்ணெய் வந்தது. பெரிய டின் நிறைய விளக்கெண்ணெய். யாரும் வீணாக்கிவிடக்கூடாது என்று முதலாளி அதைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சுவரில் மட்டும் 'கை சுத்தம் அவசியம்' என்று எழுதவைத்தார்.

ஒரு வழியாகப் பட்டு நூல் வந்தது. ராமலிங்கத்தின் கடைசி நாள். மத்தியானமே வேலை முடித்துக் கை கழுவி, மிச்ச எண்ணெயை எங்களுக்கே கொடுத்துவிட்டு, சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அந்தச் சமயம் பார்த்து அடித்த காற்றில், ஈரக் கித்தான் ஒரு மூலையில் கிளம்பிச் சுருட்டிக்கொண்டு வந்தது. மேலே இருந்தவர் பொன்னுசாமி. கித்தானோடு விழப் போனார். ராமலிங்கம் ஏணியில் தாவி ஏறி வெறுங்கையால் அதைப் பிடித்து, ஆணி அடித்து முடிக்கும்வரை அழுத்திக்கொண்டார். இறங்கியபோது இரண்டு கையிலும் முழங்கை வரை மருந்து.

யாரோ டர்பன்டைன் வாளியோடு ஓடிவந்தார்.

"அது வேண்டாமுங்க! தோலு வெடிச்சிரும்!" ராமலிங்கத்தின் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

அவர் கொடுத்த எண்ணெயை அதற்குள் தலைக்குத் தேய்த்துக் காலி செய்திருந்தோம். நான் முதலாளி அறைக்கு ஓடினேன். முதலாளி நாமக்கல் போயிருந்தார், சாவியும் கூடவே போயிருந்தது. நான் பூட்டை வெறித்துக்கொண்டு நிற்க, பொன்னுசாமி என்னை ஒதுக்கிவிட்டு உளியை வைத்து ஒரே அடி.

"கையக் காட்டுங்க மாப்ள. இன்னிக்கி நலுங்கு நானே வெக்கறேன்."

மருந்து இறுகுவதற்குள் விரல் விரலாக உருவினார். மரத்தூளை நான் அள்ளி அள்ளிப் போட்டேன். பூட்டை உடைத்ததற்காக மறுநாள் முதலாளி போட்ட கூச்சலில் 'சுத்தம்' என்ற சொல் பலமுறை வந்தது.

கல்யாணத்துக்கு நானும் பொன்னுசாமியும் போயிருந்தோம். அரக்கு நிறச் சேலை தாம்பாளத்தில் இருந்தது. குறுக்கே கோடு இருக்கிறதா என்று எனக்கே உரிய முறையில் முந்தானையிலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்தேன். இல்லை. "தொட்டுப் பாருங்க," என்றார் ராமலிங்கம். பொன்னுசாமி கையை நீட்டினார். வெடித்துக் கறுத்த விரல்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க மாப்ள. என் கை இழுத்துரும்."

கித்தான் கூரை பஸ்கள் போய்விட்டன. பட்டறை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். மகன் பசையைக் குழைக்கத் தொடங்கியபோது விளக்கெண்ணெய் எங்கே என்று கேட்டேன். வீட்டில் இல்லையாம். அவன் தாளைக் காட்டி, எல்லாம் இதில் போட்டிருக்கிறதே என்றான். ஆமாம், எங்கள் சுவரிலும் எழுதியிருந்தது.