அவன் பிளேட்டும் என் பெட்டியும்

பிளேட் அவனிடம் இருந்தது. அதைப் பாடவைக்கும் கிராமபோன் பெட்டி என்னிடம் இருந்தது. நாற்பதுகளில், உலகச் சண்டைக் காலத்துத் தூத்துக்குடியில், எங்கள் சிநேகிதம் இவ்வளவுதான்.

அவன் கப்பல் சரக்கு எண்ணும் கிளார்க். பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய், ஏறுகிற பஞ்சுப் பொதிகளை எண்ணிவிட்டு வருவான். நான் உப்புக் கம்பெனியில் நாற்காலி தேய்த்தவன். எனக்குக் கடல் என்றால் ஜன்னல்.

ஒருநாள் கப்பலிலிருந்து எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். அயர்லாந்துக்கார எஞ்சினியர் ஒருவன் கொடுத்த பிளேட்டாம். ஒரு பக்கம் புல்லாங்குழல், மறுபக்கம் பிடில்.

சாவி கொடுத்து ஓடவிட்டேன். நம் குழல் போல அது நின்று குழையவில்லை. ஓடியது. தடுக்கியது, எழுந்தது, மறுபடி அதே தெருவில் திரும்பி ஓடிவந்தது. ஓட்டத்துக்கு நடுவே, வாசிப்பவன் மூச்சிழுக்கும் சத்தம். சங்கு குளிக்கிறவன் தண்ணீருக்கு மேலே தலை தூக்கியதும் இழுப்பானே, அந்த மூச்சு. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"இதப் பத்தி அந்த எஞ்சினியர் என்னடே சொன்னான்?"

"சொன்னான்."

"என்ன சொன்னாம்லே?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. ஒனக்கு எதுக்கு?" என்று சிரித்தான். பிளேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

பிளேட்டும் அவனுக்கு, அதன் கதையும் அவனுக்கா? அந்தச் சிரிப்பு என்னைச் செல்லாக அரித்தது.

ஞாயிறுதோறும் வந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொருமுறை கேட்போம், எடுத்துக்கொண்டு போவான். இரும்பு ஊசி கிடைக்காத காலம். உப்பளத்து ஓரத்து உடைமரத்தில் முள் ஒடித்து, உப்புத்தாளில் கூர் தீட்டிப் பெட்டியில் மாட்டுவேன். முள் தேயும், பிளேட் தேயாது. வயிறு எரிய எரிய அவன் சொத்துக்கு நானே காவல் இருந்தேன்.

எனக்கென்று அப்படி ஒன்று வேண்டும் என்று அலைந்தேன். துரைமார் பங்களா பட்லர்களைக் கேட்டேன். ஏலச் சாமான் கடைகளில் தூசி தின்றேன். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்தது பட்டாளத்து பேண்டு வாத்தியப் பிளேட். கடைசியில், நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலில் கேட்டுப் பார்க்க நானே தோணி ஏறினேன். பாதி வழியில் குடல் வாய்க்கு வந்தது.

"என்ன அண்ணாச்சி, பாட்டு கேக்கப் போற ஆளு இங்கனயே பாட ஆரம்பிச்சிட்டீய?" என்றார் தோணிக்காரர்.

அந்தக் கப்பலில் ஒரு அயர்லாந்துக்காரனும் இல்லை.

சண்டை முடிந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண்வீட்டுச் சீரில், பாத்திரங்களுக்கு நடுவே பளபளவென்று ஒரு கிராமபோன். இனி என் பெட்டி அவனுக்கு எதற்கு? இனி அந்த மூச்சை நான் எங்கே கேட்பது?

விருந்தன்று எல்லார் முன்னாலும் அதே பிளேட்டை வைத்தான். இரும்பு ஊசி. எனக்குப் பல் கூசியது. சம்பந்திமார் சிரித்தார்கள்.

"என்ன மாப்ள, கோழிய வெரட்டுதாப்புல இருக்கு!"

"ஏளா, புடிச்சு ஆக்கிரு, நாளைக்குக் கொழம்புக்கு ஆச்சு!"

பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டான். அன்று நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு துண்டோடு வந்து நின்றான். "ஒங்கிட்டயே இருக்கட்டும்டே. வீட்ல எல்லாரும் சிரிக்காவ."

வாங்கிக்கொண்டேன். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த எஞ்சினியர் என்ன சொன்னான்? இப்பவாவது சொல்லு."

"ஒண்ணுமே சொல்லலடே. அவன் பேசுன இங்கிலீஷ் எனக்கு எங்கன புரிஞ்சுது? என் கையில இருந்த வாழப்பழத்தக் காட்டுனான், குடுத்தேன். அவன் இதக் குடுத்தான். ஒன்னைய வெறுப்பேத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

புது முள் ஒன்றைத் தீட்டி மாட்டினேன். குழல் ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மூச்சு வரும் இடத்துக்கு ஒரு கணம் முன்னால் அவன் உதடு அசைந்தது, ஏதோ ஒரு சொல்லைச் சொல்வதுபோல.

பிளேட் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். எஞ்சினியர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.