டிசம்பரைத் தனக்கென்று வைத்துக்கொண்டவர்

கெப்பாலா பத்தாஸ் பாசார் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சரோஜினி அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "பரிமளம், சரோ போயிட்டாம்மா" என்றார். மூளையில் இரத்தம் கசிந்து சரோஜினி அக்கா மருத்துவமனையில் கிடந்த இரண்டு நாளும், கண் விழித்துவிடுவார் என்றே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வெட்டி வைத்த மீனை மறந்து நான் நடக்கத் தொடங்கியிருக்கிறேன். மீன்காரர் பின்னால் ஓடிவந்து பையைக் கையில் திணித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே தெரிந்தது. அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது.

இறுதிச் சடங்கில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனிப் பெண்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்திலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் அவரை 'பஸ் அக்கா' என்றே சொல்லி அழுதார்கள். பெருநிலத்துக் கெப்பாலா பத்தாஸிலிருந்து கடல் பாலம் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் வரை தினமும் எங்களை ஏற்றிச் சென்றவர் அவர். ஆனால் அந்த ஓட்டுநர் இருக்கைக்கு அவர் எப்படி வந்தார் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில் அதை எழுதிவைக்க வேண்டியது என் கடமை.

அக்காவும் நானும் பதினான்கு ஆண்டுகள் ஒரே பிரிவில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்து மின்னணுச் சிப்புகளைச் சோதித்தவர்கள். ஒரு மழைநாள் காலையில் கம்பெனி பஸ் வரவில்லை. ஓட்டுநருக்குக் காய்ச்சல், பஸ் குத்தகைக்காரரிடம் மாற்று ஆள் இல்லை. நாற்பது பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அந்த மாதம் தாமதமாக வந்ததாகப் பதிவாகி, எல்லோருக்கும் வருகைப் படி போயிற்று. நாங்கள் குத்தகைக்காரரைத் திட்டினோம். அக்கா மட்டும், "இத்தன பேரு நிக்கிறோம், ஒருத்திக்குக்கூட பஸ் ஓட்டத் தெரியலயே" என்றார். சலிப்பில் சொல்கிறார் என்று நினைத்தோம். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஏறி ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, பஸ் ஓட்ட என்ன லைசென்ஸ் வேண்டும், எங்கே படிக்க வேண்டும், எத்தனை தேர்வு என்று கேட்கத் தொடங்கினார். ஓட்டுநர் முதலில் சிரித்தார். பஸ் பாலத்தின் நடுவை எட்டியபோது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் அப்போது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டுமே இருந்தது. முதலில் கார், பிறகு பெரிய வண்டி, அதற்கும் பிறகு பயணிகளை ஏற்றும் அனுமதி என்று வழி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டிப் படிக்க வேண்டும். சம்பளத்தைத் தொட முடியாது. முனியாண்டி அண்ணன் பாதுகாவலர் வேலையில் இருந்தார், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்தார்கள். அக்கா நாட்காட்டியைப் பார்த்தார். ஆண்டுக் கடைசியில் கம்பெனியை மூடி எங்களுக்குக் கட்டாய லீவு கொடுப்பார்கள். நாங்கள் வீட்டைக் கழுவுவோம், உறவினர் வீட்டுக்குப் போவோம், தூங்குவோம். அந்த நாட்களும், அதற்கு முந்தைய சனி ஞாயிறுகளும் அக்காவுக்கு வேறு மாதிரி தெரிந்தன. கிறிஸ்துமஸுக்கும் சீனப் பெருநாளுக்கும் ஊரே பரபரப்பாக இருக்கும் காலம். கை வேலை தெரிந்தவர்களுக்கு எங்கும் ஆள் தேவை.

"பதினோரு மாசம் வீட்டுக்கு ஒழைக்கிறேன். டிசம்பரு எனக்கு" என்று அவர் கணவரிடம் சொன்னாராம். இதை அண்ணனே, அக்காவைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து என்னிடம் சொன்னார். அவருக்கு அன்று கோபம் வந்திருக்கிறது. பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று கத்தியிருக்கிறார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் தட்டில் சோற்றைப் போட்டு, அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு முறை சொன்னாராம்.

முதல் டிசம்பரில் அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஃபெரியில் கடலைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்குப் போய், ஒரு பேரங்காடியில் பரிசுப் பொருள்களுக்குத் தாள் சுற்றிக் கொடுக்கும் முகப்பில் வேலை கேட்டு நின்றோம். அங்கே மேற்பார்வை செய்த சீனப் பெண்மணி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு பந்தை எடுத்து நீட்டினார். பெட்டியை யார் வேண்டுமானாலும் சுற்றலாம், இதைச் சுற்றிக் காட்டுங்கள் என்றார். நான் பந்தை அக்கா பக்கம் தள்ளினேன். அக்கா தாளின் நடுவில் பந்தை வைத்து, விரல் நுனியால் சின்னச் சின்னக் கொசுவமாக மடித்துக்கொண்டே வந்து உச்சியில் ஒரு நாடாவைக் கட்டினார். ஒட்டியது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கை அது. அந்த மாதம் முழுக்க எங்கள் முகப்பில் வரிசை நின்றது. தைப்பூசம் வருவதற்குள் அக்கா கார் ஓட்டும் வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டார்.

இரண்டாவது டிசம்பரைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினம். அந்த ஆண்டு பெருநிலத்தில் ஒரு கிடங்கில் ஹேம்பர் என்னும் பரிசுக்கூடை கட்டும் வேலை கிடைத்தது. பிஸ்கட் டின்னும் பழச்சாறும் கூடையில் அடுக்கி, மினுங்கும் தாள் சுற்றி, சிவப்பு நாடா கட்ட வேண்டும். மூன்றாம் நாள் அக்கா ஒரு பிஸ்கட் டின்னைத் திருப்பிப் பார்த்து, தேதி ஒட்டியிருந்த சிறு தாளை நகத்தால் உரித்தார். அடியில் பழைய தேதி, முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுத்த டின்னும் அப்படியே. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மேலே சொன்னதைச் செய்கிறோம், நீங்கள் கட்டுங்கள் என்றார் அவர்.

"என் பிள்ளைக்கு நான் குடுக்க மாட்டேன். அதனால கட்டவும் மாட்டேன்" என்று அக்கா தமிழில் எனக்கும் மலாயில் அவருக்கும் சொன்னார். மேலங்கியைக் கழற்றி நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். என் மகனின் பள்ளிச் செலவு என் கண்முன் நின்றது. நான் தலையைக் குனிந்து அடுத்த கூடையை இழுத்துக்கொண்டேன். அவர் தனியாக வெளியே போனார்.

மறுநாள் காலை அவர் அழைத்தபோது, திட்டப் போகிறார் என்று பயந்தே எடுத்தேன். ஒரு பல்பொருள் அங்காடியில் ஆண்டிறுதிச் சரக்கிருப்பு எடுக்க ஆள் கேட்கிறார்கள், உன் பெயரையும் சொல்லியிருக்கிறேன் என்றார். உறைந்த பொருள் அறையில் குளிரும், சுவெட்டர் எடுத்துக்கொண்டு வா என்றார். அப்படியும் நான் இரண்டு நாள் கிடங்கில் இருந்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் அவர் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கத் தயாராக இருந்தார். என் கையெழுத்தும் மலாயும் நன்றாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கீழே தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்தக் கிடங்கின் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. எங்கள் காகிதத்தால்தானா என்று எங்களுக்குத் தெரியாது.

சரக்கிருப்பு வேலை சில நாளில் முடிந்து, அந்த டிசம்பர் பாதியில் போனதால், பெரிய வண்டி வகுப்பு ஓராண்டு தள்ளிப்போயிற்று. வெகுநாள் கழித்து ஃபெரியில் வரும்போது, அன்று நான் உங்களோடு எழுந்து வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கடலைப் பார்த்தபடி பதில் சொன்னார்: "ஒனக்கு அன்னிக்குப் பயம். எனக்கும் பயந்தான்லா. நான் பயந்துகிட்டே எந்திரிச்சுட்டேன், அவ்ளோதான்."

மூன்றாவது டிசம்பரில் மறுபடி பரிசு முகப்பு. அந்தச் சம்பாத்தியத்தில் பெரிய வண்டி வகுப்பில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத பெண் லாரியில் ஏறுவதைப் பார்க்கப் பயிற்சி மைதானத்தில் ஆட்கள் கூடினார்கள். இருக்கையை முன்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து ஓட்டினார். நேராக ஓட்டுவதில் குறையில்லை. பின்னால் எடுத்துக் கோட்டுக்குள் நிறுத்துவதில் இரண்டு முறை தோற்றார். இரண்டாவது முறை தோற்ற அன்று நான் உடன் போயிருந்தேன். அருகில் இருந்த கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து அவர் கேட்டது ஒன்றுதான்: தினமும் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய வேலை எங்கே கிடைக்கும்?

அப்படித்தான் நான்காவது டிசம்பரில் ஜார்ஜ்டவுன் கேக் கடை ஒன்றின் வேன் எங்களுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் கேக்குகளை வீடு வீடாகக் கொடுக்கும் வேலை. அவர் ஓட்ட, நான் பெட்டிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டவுனின் பழைய சந்துகளில் கார் திரும்பவே இடமிருக்காது. ஒரு மத்தியானம், கடைசி வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டடுக்கு கேக் என் மடியில் இருந்தபோது, முன்னால் ஒரு லாரி நின்று சரக்கு இறக்கத் தொடங்கியது. சந்து முழுவதையும் பின்னாலேயே கடந்து, மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள், பூந்தொட்டிகள், ஒரு வீட்டுச் சுவரோரம் ஊதுபத்தி புகையும் சின்ன சாமி மாடம். அக்கா இஞ்சினை நிறுத்தி இறங்கினார். சந்தின் கோடி வரை நடந்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினார். பிறகு அவசரமில்லாமல் பின்னால் எடுத்தார். நான் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பெரிய சாலைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஓரத்து கிரீம் பெட்டியில் தொடவே இல்லை.

"கேக்கு சாயாம ஓட்டத் தெரிஞ்சா, ஆளு சாயாம ஓட்டத் தெரியும்" என்றார். அடுத்த தேர்வில் ஒரே முறையில் கோட்டுக்குள் நிறுத்தினார். பயணிகளை ஏற்றும் அனுமதியும் தேர்ச்சி பெற்ற அந்த ஆண்டிலேயே வந்தது.

ஆனால் பஸ் குத்தகைக்காரர் தயங்கினார். நல்ல மனிதர்தான். மழை, பாலத்துக் காற்று, அதிகாலைப் பயணம் என்று ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். அக்கா எதையும் மறுக்கவில்லை. ஒரு வாரம் ஓட்டிக் காட்டுகிறேன், பஸ்ஸில் வரும் ஒருத்தி குறை சொன்னாலும் சாவியை வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். அந்த வாரத்தின் முதல் நாளன்று நல்ல மழை. வழக்கமாக ஏறியதும் தூங்கிவிடும் நாற்பது பேரும் அன்று கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாலத்தில் காற்று பஸ்ஸை இடித்தபோது யாரோ ஒருவர் மந்திரம் முணுமுணுத்தார். அக்கா வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாகவே ஓட்டிக் கம்பெனி வாசலில் நேரத்துக்கு நிறுத்தினார். வியாழக்கிழமை குத்தகைக்காரர் தானே ஏறிப் பார்க்க வந்தார். பாலம் வந்தபோது திரும்பிப் பார்த்தார். பஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதன் பிறகும் அக்கா டிசம்பரை விடவில்லை. கம்பெனி மூடினால் பஸ்ஸும் ஓடாது, அவர் டவுனுக்கு வந்துவிடுவார். போன டிசம்பரிலும் இருவரும் அதே முகப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். லைசென்ஸ் எல்லாம் வந்துவிட்டதே, இப்போது எதற்கு என்று கேட்டேன். நீச்சல் கற்கப் போவதாகச் சொன்னார். தினமும் நாலு தடவை கடலுக்கு மேல் போய் வருகிறேன், ஒரு தடவைகூட அதில் காலை விட்டதில்லை என்றார். கற்கவும் செய்தார். ஏப்ரலில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, மிதக்க வந்துவிட்டது என்று காதோரம் சொன்னார். அந்த முகத்தைத்தான் இப்போதும் நினைக்கிறேன்.

அதே போன டிசம்பரில், கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், தாளை வெட்டிக்கொண்டே அவர் என்னைக் கேட்டார்: "இத்தன வருசமா கூட வர்ற. ஒனக்கு என்ன வேணும் பரிமளம்?" மகனுக்கு மடிக்கணினி, வீட்டுக் கூரைக்குத் தகரம் என்று நான் சொல்லிக்கொண்டு போனேன். "அது வீட்டுக்கு. நான் ஒன்னக் கேட்டேன்" என்றார். நான் நாடாச் சுருளைச் சுற்றத் தொடங்கினேன். அவர் வற்புறுத்தவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். அதைப் பற்றி மறுபடி பேசுவதை நானே தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

அவர் வீட்டிலிருந்து சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி முனியாண்டி அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி. அவர் இறந்த ஆகஸ்டிலிருந்து அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். என்னைப் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், தம்பிகளைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. படித்தது போதும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். இப்போது தெரிகிறது, எனக்குப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுத வேண்டும்.

கட்டாய லீவு அறிவிப்பை இந்த வாரம் ஒட்டியிருக்கிறார்கள். பேரங்காடிக்குப் பேசிவிட்டேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியில் தொடங்கும் மாலை வகுப்புக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே என் பெயரைப் பதிந்த பெண் என் வயதைக் கேட்டுவிட்டு, முதலில் சுலபமான பாடமாக எடுத்துக்கொள்ளலாமே என்றாள். எனக்குக் கணிதம்தான் வராது. கணிதத்திலிருந்தே தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.